பதினேழாம் எண் கதவு

குனோங் ராபாட் கோயில் மண்டபத்தில் அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர்: தோட்ட வீட்டுக் குழுத் தலைவர் ஜெயபாலன், செயலாளர் விக்னேஸ்வரன், இறந்துபோன என் தம்பியின் மனைவி நவமணி, சீனியாகிய நான். ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றபோது, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு என்று எழுதிக் கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியல் விக்னேஸ்வரனின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் நவமணியின் பெயரை நீக்கிவிட்டு, ‘இரட்டைப் பதிவு’ என்று மண்டபச் சுவரில் ஒட்டியிருந்தான். மூன்று நாளாக ஈப்போவில் எந்தக் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தாலும் ஒரே பேச்சு: சீனி குடும்பம் ஒரு வீட்டைக் காட்டி இரண்டு கேட்கிறது.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா அண்ணே,” என்று விக்னேஸ்வரன் பழைய பட்டியலைத் திறந்து திரையைத் திருப்பினான். கதவு எண்கள் இருந்த நெடுவரிசையில் பதினேழு இரண்டு முறை வந்திருந்தது. இரண்டும் சிவப்பு.

“ஒரே கதவுக்கு ரெண்டு சாவி!” ஜெயபாலன் சிரித்தான். “எனக்குத் தோணாம போச்சே அண்ணே.”

“ஆளை எண்ணச் சொன்னா கதவையாடா எண்ணுவீங்க? அடையாள அட்டையில ஐசி நம்பர் எதுக்கு இருக்கு?” என்றேன்.

“தோட்டத்துல யாரு ஐசி நம்பர் கேட்டா? பதினேழாம் வீடுன்னாதான் தெரியும். ஒரு கதவு, ஒரு குடும்பம்லா,” என்றான் விக்னேஸ்வரன்.

அதற்கான பதிலை நாற்பது வருடமாக மூடி வைத்திருந்தவன் நான்தான். கல்யாணமோ சாவோ, தம்பியும் நானும் ஊர் பார்க்க ஒன்றாகத்தான் போய் நிற்போம்.

“நீங்க சொல்றீங்களா மாமா, இல்ல நான் சொல்லட்டுமா?” என்றாள் நவமணி.

சொன்னேன். தம்பியும் நானும் சண்டை போட்டுப் பிரிந்து, வீட்டுக்குள் பலகை அடித்து இரண்டாக மறைத்தோம். இரண்டு அடுப்பு எரிந்தது. சாகும்வரை தம்பி அந்த வீட்டுக்குள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“போதுமா? இதையும் சுவத்துல ஒட்டு. இப்ப ஐசி நம்பரைப் போட்டுப் பாரு,” என்றேன் விக்னேஸ்வரனிடம்.

போட்டான். ஒரு சிவப்பும் வரவில்லை. கதவு எண்ணை நம்பி அவன் நீக்கியிருந்த ஒன்பது பேரும் வேறு வேறு குடும்பங்கள்.

ஜெயபாலன் நாற்காலியை இழுத்துப் போட்டான். “கோவிச்சுக்காதீங்க அண்ணே, உக்காருங்க.”

“பேரை எழுதுடா முதல்ல.”

நவமணியோடு மற்ற எட்டுப் பெயர்களும் ஏறின. புதுப் பட்டியலைச் சுவரில் ஒட்டும்வரை நாங்கள் நகரவில்லை.

நான் விக்னேஸ்வரனின் காலில் விழுந்து பெயரைச் சேர்த்தேன் என்று இப்போது பக்கத்து ஊரான லகாட்டில் சொல்கிறார்களாம். விழவில்லை. உட்காரக்கூட இல்லை.