ஓசியாஸ் கணிக்காத ஜாதகம்

வைத்தியர் ஓசியாஸின் பஞ்சாங்கம் வந்த பிறகுதான் அந்த ஊரில் திராட்சைக் கொடியில்கூடக் கத்தி வைப்பார்கள். மாதத்துக்கு நாலு வரிப் பாட்டு. போர், பஞ்சம், வானத்தில் நெருப்பு என்று எழுதித் தள்ளுவார். லியோன் நகரத்து அச்சுக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். அவர் காய்ச்சிய சீமைமாதுளை ஜாம் தேனாய் இனிக்கும், ஆனால் பயம் விற்ற அளவுக்கு அது விற்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் இன்று காலையிலிருந்து, சூரியனின் உயரம் அளக்கும் பித்தளை வட்டோடு சொந்தக் கொல்லையில் நின்றார். மாடியில் மனைவி தெல்பினுக்குப் பிரசவ வலி. வடக்குக் காற்று போட்ட கூச்சலில் அழுகுரல் கேட்காது. அதனால் பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சி பெரோனா ஜன்னலில் வெள்ளைத் துணியை ஆட்ட வேண்டும், அந்தக் கணத்தை வைத்து ஜாதகம் கணிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

தெல்பினுக்கு அதில் இஷ்டமே இல்லை. மூத்தவன் ழோமே பிறந்தபோதும் இப்படித்தான் கணித்தார், நாலாம் வயதில் கண்டம் என்றார். கொள்ளைநோய் வந்து அது பலித்தும் விட்டது.

"அவன் செத்தது ஒரு நாளுங்க. அதுக்கு முன்னாடியே நாம அழுதது மூணு வருசம். தெருவுல ஒரு நாள் விளையாட விட்டோமா?" என்று நேற்றும் கேட்டாள்.

"தெரிஞ்சா சூதானமா இருக்கலாம்டி" என்று வாயை அடைத்துவிட்டார்.

வெயில் உச்சிக்கு ஏறியது. துணியைக் காணோம். திடீரென்று மாடி ஜன்னலின் மரக்கதவுகள் சாத்தப்பட்டன.

அந்த ஊரில் பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தினால் சாவு என்று அர்த்தம். ஓசியாஸின் கையிலிருந்த பித்தளை வட்டு கல்லில் விழுந்து நெளிந்தது. ஒற்றைச் செருப்போடு மாடிப்படி ஏறி ஓடினார்.

"என்ன வைத்தியரே, பேயறைஞ்சவராட்டம் வர்றீங்க? பொம்பளப் புள்ள, நல்லாருக்கு" என்றாள் பெரோனா.

"ஜன்னலச் சாத்துனியே!"

"பச்சப் புள்ள மேல இந்தக் காத்தா படணும்?"

வெள்ளைத் துணி குழந்தையைச் சுற்றியிருந்தது.

"நான்தான் ஆட்ட வேணாம்னேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க" என்றாள் தெல்பின்.

அவர் திட்டவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். பெரோனாவுக்கே மனசு தாங்கவில்லை.

"போகட்டும் வைத்தியரே, நேரத்த நான் சொல்றேன். கோயில் மணி அடிச்சப்பதான்..."

"பெரோனா, உனக்குப் புண்ணியமாப் போகும், சொல்லாத."

தெல்பின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இவ எப்படிங்க இருப்பா?"

"தெரியாதுடி" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.