துண்டுப்பிரசுரக் கூட்டம்

பிலிப்பைன்ஸின் இலொய்லோ நகரச் சுகாதார நிலையத்தில் எடை குறைப்பு ஆய்வு ஓராண்டு நடந்தது. சீட்டுக் குலுக்கியதில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பயிற்சியாளர் ஹெர்மினியாவிடம் வந்தார்கள். சின்னத் தட்டில் சாப்பிடுவது, மறுசோறு வாங்காமல் எழுந்துவிடுவது, பசியா சலிப்பா என்று எழுதிவிட்டு வாயில் வைப்பது என்று அவர்களைப் பழக்கினாள். மீதிப் பேருக்கு வெறும் துண்டுப்பிரசுரம். பக்கத்து வீட்டுக் கான்சிங்குக்கும் அதுதான் விழுந்தது.

நாலு படி ஏறத் திணறுகிறவளைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று ஹெர்மினியா எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள்.

இன்று முடிவு வந்தது. இரண்டு கூட்டமும் ஒரே அளவு இளைத்திருந்தது.

"துண்டுப்பிரசுரமே போதும்போல. பழக்குற வேலையெல்லாம் வீண். மத்த ஊருக்கு அதையே அனுப்பிடலாம்" என்றார் ஆய்வை நடத்திய டாக்டர் வில்யாரெஸ்.

கான்சிங் ஒருத்தி இளைத்ததாலா இரண்டு கூட்டமும் சமமாகும்? ஹெர்மினியா கணக்குப் போட்டுப் பார்த்தபடியே வீடு திரும்பினாள்.

சாயங்காலம் கான்சிங், எட்டுக் கிலோ இளைத்த உடம்போடு, சின்னத் தட்டில் ஒரே ஒரு துண்டு பிபிங்கா கேக் கொண்டுவந்தாள்.

"நான் சொல்லிக்கொடுத்ததை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"சர்ச்சுல நம்ம துண்டுப்பிரசுர ஆளுங்க கிட்ட மட்டும்தான்க்கா. பாவம், அவங்களுக்குத்தானே யாரும் சொல்லித்தரல. உங்க ஆளுங்க கிட்ட ஒரு வார்த்தை விடல, சத்தியமா."

ஹெர்மினியா தட்டைத் தொடவில்லை.

"பக்கத்துத் தீவு குயிமாராஸ்ல என் தங்கச்சி சர்க்கரை ஏறிக் கெடக்குறா. அங்க எப்பக்கா வருவீங்க?"

"வரமாட்டேன். அவளுக்குத் துண்டுப்பிரசுரம் வரும்" என்றாள் ஹெர்மினியா.