பட்டம்மாள் சொன்ன கதை

ஐம்பத்துமூன்றாம் வருஷம் பி.ஏ. மானிடவியல் வகுப்பில், கடலோர மக்களைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையான வரதன், முதலிடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தான். ஆனால் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னது அவன் தோஸ்து மஜீதை.

மஜீது வாசித்தது வரதனின் அம்மா பட்டம்மாளின் கதை. புயலில் புருஷன் கரை திரும்பாத நாட்களில், நிறைமாத வயிற்றோடு சோறு தண்ணியில்லாமல் அவள் கடற்கரையிலேயே கிடந்தாளாம். அந்த வயிற்றில் இருந்தவன் வரதன். அவனுக்கே அது அன்றுதான் தெரிந்தது. வகுப்பு கைதட்டியது, அவனுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பாய்ந்தான். “என்னாண்ட ஏன் சொல்லல?”

மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “நீ எப்ப நைனா கேட்ட? காலேஜு சேந்ததுலேர்ந்து மூக்கைப் புடிச்சிகினு என்னைத் தாண்டிப் போற. அந்தப் புள்ள பக்கத்துல குந்திகினு கேட்டுச்சு, சொன்னேன்.”

வரதன் ஈரத்தரையில் உட்கார்ந்தான். “இப்ப கேக்குறேன், சொல்லு.”

“மறுக்கா அழுவ எனக்குத் தெம்பு இல்ல. மஜீதாண்டயே கேட்டுக்க.” கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அம்மா அழுது வரதன் ஒருநாளும் பார்த்ததில்லை. அதையும் மஜீது பார்த்துவிட்டான்.