காப்புக்கு முந்தின பஸ்

கொளஞ்சி படிப்பில் கெட்டி. நாள் கணக்குப் போடுவதில் அதைவிடக் கெட்டி. பிளஸ் டூ பரீட்சைக்கு நடுவிலேயே டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டாள். எண்பதுகளின் நடுவில், அந்தத் தேர்வு வந்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மீன்சுருட்டிப் பக்கத்தில் அவள் ஊரில் அதைப் பற்றி ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

தேர்வு திருச்சியில். அன்றைக்கு ஊரில் மாரியம்மன் திருவிழா ஆறாம் நாள். காப்பு கட்டிவிட்டால் ஊருக்குள் இருப்பவர்கள் எட்டு நாள் எல்லை தாண்டக் கூடாது. அதனால் காப்புக்கு முந்தின நாளே பஸ் ஏறி, அரியலூரில் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கிளம்பும்போது அம்மா ஆண்டாயியிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "ஹால் டிக்கெட்னு ஒரு கவர் வரும்மா. வந்ததும் அரியலூர் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துவுடு."

"குடுத்துவுடறேன் தாயி. நீ பாட்டுக்குப் படி."

டாக்டர் ஆசை எப்போது பிடித்ததென்று கொளஞ்சிக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவள் அப்பாவைப் பார்த்து, "உட்காருங்க" என்றார். எந்த வீட்டு வாசலிலும் நின்றே பழகிய மனுஷன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதே நாற்காலிக்கு எதிரில் தானும் ஒருநாள் உட்கார வேண்டும். அந்த ஏக்கம் சோறு தண்ணீர்கூட இறங்கவிடவில்லை.

தினமும் பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் கண்டக்டர் வெறுங்கையோடு இறங்கினார்.

"நீதானே கொளஞ்சி? காயிதம் வந்துருச்சாம். நீ பாஸாவணும்னு ஒங்கம்மா அதை ஆத்தா பாதத்துல வச்சுட்டாங்களாம். பீடத்துல வச்சதைக் காப்பு அவுக்கற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னுட்டாராம் பூசாரி. படிப்பு தலையிலதானே இருக்கு, தைரியமா எழுதச் சொன்னாங்க."

பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எழுத்தும் தெரியாவிட்டால் கேட்கவே வேண்டாம். ஊருக்குப் போனால் கொளஞ்சியும் உள்ளே மாட்டிக்கொள்வாள். மறுநாள் விடிகாலை ரயிலேறித் திருச்சிக்கே போனாள். தேர்வு நடக்கும் இடத்தை விசாரித்துக் கண்டுபிடித்து, கேட்டில் கெஞ்சினாள், அழுதாள்.

"டிக்கெட் இல்லாம வுட முடியாதும்மா," என்றார் வாட்ச்மேன். மணி அடித்தது.

அவள் அங்கேயே நின்றாள். மதியம் வெளியே வந்த ஒரு பெண்ணிடம் என்னென்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். அவள் சொல்லச் சொல்ல, கொளஞ்சிக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் அம்மா அரியலூருக்கு வந்தாள். மடியிலிருந்து கவரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். குங்குமம் அப்பி, போட்டோவில் கொளஞ்சியின் முகம் பாதிதான் தெரிந்தது.

"நல்லா எழுதினியா தாயி?"

எத்தனையோ திட்ட வேண்டுமென்று வைத்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பரிட்சைய அடுத்த வருசத்துக்குத் தள்ளி வச்சிட்டாங்கம்மா."

"அப்ப நல்லதாப் போச்சு!" ஆண்டாயி மகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "அடுத்த வருசம் காப்பு கட்டறதுக்கு முன்னாடியே ஆத்தாகிட்ட வச்சு எடுத்துடறேன்."