இரண்டு பொட்டலம் பேதி மருந்து

மூன்று மாதமாக எனக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. என் சித்திக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாள், பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள், ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் செத்தாள் என்பது என் கட்சி. அதனால் மூலத்துக்கு ஒரு களிம்பை வாங்கிப் பொத்தான் டப்பாவில் ஒளித்துவைத்துவிட்டு, தையல் மிஷினைப் போலவே நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிற மனுஷன்.

"நாலு நாளா வெளிய போகல. உள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பரிசோதனை மதியம். காலை ஆறு மணிக்கே குடலைக் கழுவும் தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்தேன். முதல் டம்ளரை மோந்து பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீயும் குடிச்சா குடிக்கிறேன்."

"எனக்கு எதுக்குங்க?"

"கூட இருக்கத்தான். ரெண்டு பொட்டலம் வாங்கியிருக்கேன். உனக்கும் ஒண்ணும் ஆகாதாம், டாக்டரம்மாவையே கேட்டுட்டேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவு பெரிய பஸ்ஸ ஓட்டுறீங்க, ஒரு டம்ளருக்குப் பயமா? கொண்டாங்க இங்க!" என்று மடமடவென்று குடித்தேன். உப்பும் சோப்பும் கலந்த மாதிரி இருந்தது. காட்டிக்கொள்ளாமல் இரண்டாவது பொட்டலத்தையும் கரைத்தேன்; ஆளுக்கு இரண்டு லிட்டர் குடித்து முடித்தோம்.

வீட்டில் கழிவறை ஒன்றுதான். எட்டு மணிக்குள் எங்கள் மானம் மரியாதை எல்லாம் காற்றில் போயிற்று.

"உள்ள யாரு?" என்று கதவைத் தட்டினேன்.

"இந்த வீட்டுல வேற யாருடி இருக்கா?"

"சீக்கிரம் வாங்க!"

"அது என் கையிலயா இருக்கு?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் ஆபத்து என்பதால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே அவரும் சிரிப்பது கேட்டது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிச் சிரித்ததில்லை. நடுவில் ஒரு முறை என் பங்கில் சிவப்பு தெரிந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டியலைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டாள்.

"நான் இல்லம்மா, இவரு."

"உங்க பேருதாம்மா இருக்கு. சார் பேரே இதுல இல்ல."

திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் காது சிவந்திருந்தது.

"சட்டைப் பொத்தான் அறுந்துடுச்சுன்னு உன் டப்பாவைத் தொறந்தேன். மூலத்துக்குப் போடற களிம்பு இருந்துச்சு. உன் சித்தி ஞாபகம் வந்துடுச்சு, டாக்டரம்மாகிட்டப் போய்ச் சொன்னேன்" என்றார். "கேட்டா சண்டைக்கு வருவ. கூப்பிட்டா வரமாட்ட. எனக்குன்னா ஓடி வருவல்ல?"

"அப்ப உங்க வயிறு?"

"அதுக்கென்ன, கடிகாரம் மாதிரி போகுது."

"பின்ன அந்தக் கண்றாவிய எதுக்கு ரெண்டு லிட்டர் குடிச்சீங்க?"

"உன்னைத் தனியாக் குடிக்க விடுவேனா?"

அவரை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. டாக்டரம்மா வந்து, "உங்களுக்குச் சம்மதம் இருந்தாத்தான் செய்வேன்" என்று தாளை நீட்டினார். சித்தி நினைவுக்கு வந்தாள்; எனக்காக இரண்டு லிட்டர் குடித்துவிட்டு நிற்கிறவரைத் திரும்பிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குடல்ல சின்னதா ஒரு சதை வளர்ந்திருந்துச்சு. முழுசா எடுத்துட்டேன். புற்றுநோய் மாதிரி தெரியல, இருந்தாலும் சோதனைக்கு அனுப்பியிருக்கேன். விட்டிருந்தா சில வருஷத்துல அப்படி மாறியிருக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க."

எழுந்து என் வீட்டுக்காரரைத் தேடினேன். நாற்காலி காலி. நர்ஸ் சிரித்துக்கொண்டே கழிவறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"உள்ள யாரு?"

"நீயா? என்ன சொன்னாங்க? சொல்லு, சொல்லு!"

"கட்டிய எடுத்துட்டாங்க. பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

உள்ளே மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழறீங்களா?"

"இல்லடி. இன்னும் முடியல."

கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். "மெதுவா வாங்க" என்றேன். "நான் எங்கயும் போகல."