வேண்டாதவை

"பிள்ளைங்க பாடற மாதிரிதானேங்க கேட்டேன்? இது பென்ஷன் வாங்கறவங்க எல்லாம் சேந்து பாடற மாதிரி இருக்கு. மூணாவது தடவ அனுப்பியும் இதே கதையா இருக்கே!"

குழந்தைகள் காப்பகத்து டீச்சர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அடுப்படியில் நின்று கேட்டேன். கையில் பாதி உரித்த வெங்காயம். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அந்த அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சின்னப் பிள்ளைகள் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது போடுவதற்கு ஒரு பாட்டு கேட்டிருந்தார். எங்கள் மெஷின் கொடுத்ததில் பெரிய ஆட்கள் குரலை ஒடுக்கிக்கொண்டு கொஞ்சினார்கள். கேட்கும்போது எனக்கே உடம்பு கூசியது.

விளம்பரப் பாட்டு செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஜவுளிக்கடை, பல் ஆஸ்பத்திரி, டிரைவிங் ஸ்கூல், யார் கேட்டாலும் உண்டு. ஹாலில் ஒரு மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். இடது ஸ்பீக்கர் கரகரக்கும். திரையில் இரண்டு பெட்டிகள் இருக்கும். மேல் பெட்டியில் பாட்டு எப்படி வேண்டும் என்று துண்டு துண்டாக எழுத வேண்டும்: துள்ளல், பெண் குரல், கிடார், கைதட்டல், மழை விட்ட காலை நேரம். கீழ்ப் பெட்டியின் பெயர் வேண்டாதவை. அதில் எது வரக்கூடாது என்று எழுத வேண்டும்: சோகம், டிரம்ஸ், இழுத்துப் பாடுவது. பொத்தானைத் தட்டினால் மெஷின் தானே மெட்டுப் போட்டு, தானே குரலும் கொடுத்து, ஒரு நிமிஷத்தில் பாட்டைத் தந்துவிடும். எழுதுவது என் வீட்டுக்காரர் வேலை. கேட்பது என் வேலை. நான் திரையைப் பார்க்கவே மாட்டேன், பார்த்தால் காது ஏமாந்துவிடும். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு பாத்திரம் கழுவியபடியே கேட்பேன். பிடித்திருந்தால் "ம்". பிடிக்காவிட்டால் "வேற". அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளைக்கு எத்தனை "வேற" சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இவர் முகம் சுளிக்காமல் இன்னொன்று தட்டுவார்.

அந்த மெஷினுக்கு ஒரு காலத்தில் நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொன்னாலும் அது நினைத்ததைத்தான் செய்யும், அதற்கும் நாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதனால். "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மூடு சரியில்ல போல" என்பேன். "எந்த மாப்பிள்ள? யாருக்கு மாப்பிள்ள?" என்று டமாரம் ஓடிவருவாள். டமாரம் எங்கள் மகள். வீட்டில் அவளை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை, அவ்வளவு சத்தம். "உனக்குத்தான்டி, இப்பவே பேசி முடிச்சாச்சு" என்று இவர் சொல்ல, அவள் ஸ்பீக்கரைக் கையால் அடிப்பாள். எந்தப் பாட்டு வந்தாலும் அதற்கு முன்னால் அவள் பாட ஆரம்பித்திருப்பாள். வார்த்தை தெரிந்தால்தான் பாட வேண்டும் என்கிற சங்கடமெல்லாம் அவளிடம் கிடையாது.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம். அவளுக்கு ஒன்றாம் வகுப்பு பாதிகூட முடியவில்லை. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத என்னால் ஆகாது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் பேச்சையும் எடுக்கவில்லை. நான் அழுதால் இவர் எழுந்து போய் மோட்டார் போடுவார், தொட்டி நிறைந்திருந்தாலும். அவர் கண் சிவந்திருந்தால் நான் காய் நறுக்கப் போய்விடுவேன். போனில் அவள் வீடியோக்கள் நிறையக் கிடக்கின்றன. இரண்டு பேரும் தொட்டதில்லை. வீட்டில் நாள் பூராவும் பாட்டு ஓடுகிறது, அதில் ஒன்றுகூடப் பிள்ளைக் குரல் இல்லை. பிஸ்கட் கம்பெனி வந்தது, இவர் நேரமில்லை என்றார். பொம்மைக்கடைக்காரர் வந்தார், அவருக்கும் நேரமில்லை. கல்லுளிமங்கன் மாதிரி வாயைத் திறக்காமல் இருந்துகொண்டே எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்.

எனக்கு ஒரு பிள்ளையின் சத்தம் கேட்க வேண்டும்போல இருந்தது. இதை யாரிடம் சொல்ல? தெருவில் ஸ்கூல் வேன் நின்றால் குப்பை கொட்டுகிற சாக்கில் வாசலுக்குப் போவேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதால் அவர்கள் சமாதானம் செய்துவிடப் போகிறார்களே என்று இருக்கும். இந்த வீட்டுக்குள், இந்தச் சுவருக்குள், ஒரே ஒரு தடவை ஒரு பிள்ளை பாட வேண்டும். அதற்காகத்தான் காப்பகத்து டீச்சர் போன் செய்தபோது இவரைக் கேட்காமலேயே "ஓ, செய்யலாமே" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டு வரிகளை டீச்சரே எழுதி அனுப்பினார்.

*பையை எடு, செருப்பைப் போடு,*
*வாசல்ல யார் வந்திருக்கா பாரு.*

இவர் படித்துப் பார்த்தார். "பிள்ளைங்க குரல் வேணுமாம்" என்றேன். "ம்" என்று உட்கார்ந்து தட்டினார். முதலில் வந்தது தாத்தாக்கள் கோஷ்டி. "வேற" என்றேன். அடுத்தது மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடும் அத்தைகள். "வேற." "பிள்ளைங்கன்னு போட்டிருக்கேன்மா. அது தரமாட்டேங்குது, நான் என்ன பண்ண?" என்றார். போட்டுத்தான் இருந்தார், மேல் பெட்டியில். அதை நான் பிறகு பார்த்தேன்.

டீச்சரின் மெசேஜ் வந்த அன்று சாயங்காலம் இவர் கரகரக்கும் ஸ்பீக்கரை ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போயிருந்தார். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது அவர் இடம். உட்கார்ந்ததும் ஏதோ திருட வந்தவள்போல இருந்தது. மேல் பெட்டியில் "குழந்தைகள், கூட்டுப் பாட்டு, குஷி, கைதட்டல்" என்று ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் என்ன கேடு இந்த மெஷினுக்கு என்று திரையைக் கீழே தள்ளினேன். வேண்டாதவை வந்தது.

*குழந்தைக் குரல். சிறுமி. சளி பிடித்த தொண்டை. மேளம் தொடங்கும் முன்னே பாட ஆரம்பித்துவிடுவது. வரிக்கு நடுவில் மூச்சை உறிஞ்சும் சத்தம். வார்த்தை மறந்தால் லல்லல்லா. வரி முடிவில் கத்துவது. பாடும்போது சிரித்துவிடுவது. சிரித்த பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பது.*

திரும்பத் திரும்பப் படித்தேன். என் பிள்ளை அங்கே இருந்தாள். இவ்வளவு நாள் இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வராதவள், சளியோடும் மூச்சோடும் வந்து, வேண்டாதவை என்று பெயர் போட்ட பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

செருப்பு விடும் சத்தம் கேட்டது. இவர் ஸ்பீக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஸ்பீக்கரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"இது என்னங்க?"

ஸ்பீக்கர் வயரை விரலில் சுற்றினார்.

"என்னன்னு கேக்கறேன்ல. பெத்த பிள்ளைய வேணாம்னு எழுதி வச்சிருக்கீங்களே, கை எப்படிங்க வந்துச்சு?"

"ஒரு தடவ வந்துருச்சும்மா."

"என்ன வந்துச்சு?"

"அவ குரல். பல் ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டு இருந்தேன். நான் பிள்ளைக் குரல்னு எழுதவே இல்ல, அதுவா வந்துச்சு. நடுவுல சிரிச்சா பாரு... அப்படியே அவதான். நீ குளிச்சிட்டு இருந்த." ஸ்பீக்கரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "டக்குனு அழிச்சிட்டேன். குழந்தைக் குரல் வேணாம்னு போட்டேன். அப்பவும் அப்பப்போ ஏதாவது ஒண்ணு வரும். ஒரு பொம்பள பாடறப்போ மூச்ச அதே மாதிரி இழுப்பா. ஒருத்தன் லல்லல்லான்னுவான். ஒவ்வொண்ணா எழுதி வச்சேன்."

"நான் கேட்டா செத்தா போயிருப்பேன்?"

அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. இவர் ஸ்பீக்கரைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"உனக்காகன்னா நெனச்ச? எனக்குப் பயம்மா. ஒரு தடவ அது சரியா வந்துருச்சுன்னு வை, நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டேன். தினம் அதையே போட்டுப் போட்டுக் கேட்டு பைத்தியமாயிடுவேன். அழிச்சேன்ல, அதுக்கே கை வரல. அவளையே ரெண்டாவது தடவ தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு."

இந்த மனுஷன் இத்தனை வார்த்தை பேசி எவ்வளவு காலம் ஆகிவிட்டது. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் திரையைத்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு இடத்தில் கண் தடுக்கியது.

"இதுல ஒண்ணு தப்பு" என்றேன்.

"எது?"

"வரி முடியறப்போ கத்தமாட்டா. கடைசி வார்த்தைய முழுங்கிடுவா."

"யாரு, அவளா? தெருவே கேக்கும்மா, அப்படிக் கத்துவா."

"இல்லங்க, முழுங்குவா. எனக்குத் தெரியாதா?"

"நான் தலைல தண்ணி ஊத்தறப்போ எப்படிக் கத்துவா தெரியுமா? பாத்ரூம் ஜன்னல் அதிரும்."

"என்கிட்ட படுத்துக்கிட்டுப் பாடறப்போ முழுங்குவா. முழுங்கிட்டு அப்படியே தூங்கிடுவா."

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது. எனக்கு ஜன்னல் அதிர்ந்தது தெரியாது, அந்நேரம் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன். "முழுங்குவாளா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "இத்தனூண்டு இருந்துக்கிட்டு ஆளுக்கு ஒரு விதமா பாடியிருக்கா பாரு, கழுத" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தோம், அப்புறம் அது அழுகையாகிவிட்டது. இந்தத் தடவை அவர் மோட்டார் போட எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் சொன்னேன், அதையெல்லாம் மேல் பெட்டிக்கு எடுத்துப் போடலாம் என்று.

"வேணாம்மா."

"ஒரே ஒரு தடவ. எனக்குக் கேக்கணும்ங்க. நான் இன்னும் கேக்கவே இல்ல."

அவர் நாற்காலிக்கு வந்தார். கீழ்ப் பெட்டியில் இருந்ததை அப்படியே வெட்டி மேலே ஒட்டினார். "வரி முடிவில் கத்துவது" என்பதற்குப் பக்கத்தில் நான் சொன்னதையும் சேர்த்து எழுதினார்: தூக்கம் வந்தால் கடைசி வார்த்தையை விழுங்குவது. டீச்சர் அனுப்பிய வரிகள் அடியில் இருந்தன. வேண்டாதவை காலியாகக் கிடந்தது. சரி செய்து கொண்டுவந்த ஸ்பீக்கரை மாட்டினார். நான் வழக்கம்போல அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றேன். வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் தட்டினார்.

மேளம் விழுவதற்கு முன்பே ஒரு பெண் பிள்ளை ஆரம்பித்துவிட்டது. *பையை எடு.* சளி. *செருப்பைப் போடு.* மூச்சை உறிஞ்சியது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு இடத்தில் சிரித்தது, சிரித்துவிட்டு முதலிலிருந்து பாடியது. நாங்கள் கேட்டதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆனால் அது டமாரம் இல்லை. அது யார் வீட்டுப் பிள்ளையோ. நல்ல பிள்ளை. சளியோடு கஷ்டப்பட்டுப் பாடுகிறது. எங்கள் பிள்ளை இல்லை. அவள் இனிமேல் எந்தப் பெட்டியில் எதை எழுதினாலும் வரமாட்டாள் என்பது அந்த ஈர மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஆஸ்பத்திரியில்கூட விளங்கவில்லை.

ஹாலில் நாற்காலி கிரீச்சிட்டது. இவர் திரும்பி என் முதுகைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும், நான் சொல்லாமலேயே. ஆனாலும் எங்கள் வழக்கம் அது, நான் சொன்னால்தான் அவர் அடுத்ததைத் தட்டுவார். "வேற" என்கிற அந்த ஒரு வார்த்தை. நாள் முழுக்க யோசிக்காமல் சொல்கிற வார்த்தை. தொண்டைவரை வந்தது. ஒரு பிள்ளையைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

பாட்டு முடிந்தது. நான் ஒன்றும் சொல்லாததால் அவரும் அடுத்ததைத் தட்டாமல் இருந்தார். மெஷின் தானாகவே மறுபடி முதலிலிருந்து போட்டது. மேளத்துக்கு முன்னால் ஓடிவந்து அந்தப் பிள்ளை பையை எடுத்தது, செருப்பைப் போட்டது, வாசலில் யார் வந்திருக்கிறார்கள் பார் என்றது, கடைசி வார்த்தையை விழுங்கியது.