கிரின்ஸ்டெட்டில் ஒரு செத்தவீடு

யோகம்மா தவமலரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும்போதே அறைக்குள்ளிருந்து "வருது, வருது" என்று யாரோ சொல்வது கேட்டது. அழுகையை அப்படியே பாதியில் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யோகம்மா உள்ளே ஓடினாள். கூடத்தில் தவமலரும், மாலை போட்ட நித்தியானந்தனின் படமும் மட்டும் மிஞ்சினார்கள்.

தவமலரின் புருஷன் போனது வெள்ளிக்கிழமை மாலை, மாரடைப்பு. இன்று செவ்வாய். உடல் ஆஸ்பத்திரியில் இருந்தது, தகனம் வியாழக்கிழமை என்றார்கள். அந்த அலுவலாக மகன் தாரகன் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். சனம் வராமல் இல்லை. கிரின்ஸ்டெட் என்ற அந்த டேனிஷ் சிற்றூரில் இருந்த தமிழர் அத்தனை பேரும் வந்தார்கள், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்துகூட வந்தார்கள். ஆனால் வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று முதல்நாள்தான் அறிவித்திருந்தார்கள். வந்தவர்கள் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சப்பாத்துக் கழற்றிய கையோடு வன்னிப் படங்களும் செய்தியும் பார்க்கக் கணினி இருந்த அறைக்குள் புகுந்துகொண்டார்கள்.

பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழத்தான் செய்தார்கள். ஆனால் தவமலருக்குக் காது நன்றாகக் கேட்கும். யோகம்மாவின் ஒப்பாரியில் புதுமாத்தளன் வந்தது, பதுங்குகுழி வந்தது, காணாமற்போன பெறாமக்கள், அவளுடைய தங்கச்சி பிள்ளைகள், வந்தார்கள். நித்தியானந்தன் அதற்குள் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அத்தனை பெரிய சாவுக்கு முன்னால், தொழிற்சாலைக்குப் போய் வந்து, உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரை ஏய்த்துச் சாப்பிட்டு, வீட்டுக்குள் செத்துப்போன மனிதருக்கு யார் அழுவது? தவமலருக்குப் பொறாமையாக இருந்தது. செத்த சனத்தின்மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது அடங்கவில்லை.

அந்தப் பொறாமைக்கு உயிரோடு ஓர் ஆளும் இருந்தாள். சாரங்கா. அவளுடைய அக்கா குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டுப் பல வாரமாகத் தகவல் இல்லை. வந்த பெண்களெல்லாம் தவமலரின் கையை விட்டதும் சாரங்காவின் கையைத்தான் பிடித்தார்கள். அந்த அக்காவைத் தேடித் தருகிறேனென்று வேலையால் வந்த களைப்போடு கணினிக்கு முன்னால் குந்தியவர் நித்தியானந்தன். வவுனியாவில் கடை வைத்திருந்த அந்தோனிதாசன் என்பவனை எப்படியோ பிடித்து, அகதி முகாம் வேலியருகே போய் விசாரிக்க வைத்து, ஸ்கைப்பில் கதைத்து வந்தார். வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியிலேயே அவர் சாய்ந்தபோது பக்கத்தில் நின்றவளும் சாரங்காதான். தவமலர் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கடைசி மூச்சைக்கூட அந்தச் சாரங்காவுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போனாரே என்று வயிறு எரிந்தது.

உள்ளே, கணினி தெரிந்தவரென்று முன்னால் குந்தியிருந்த கிறிஸ்துநாயகம் எதையோ திட்டுவது கேட்டது. விஷயம் என்னவென்று தவமலருக்குத் தெரியும். திரையின் நடுவில் ஓர் அறிவிப்பு முளைத்திருக்கும். கணினியின் உள்வேலை ஒன்று பழுதாகிவிட்டது, மூட வேண்டும் என்று சொல்லும். கீழே டேனிஷில் 'அனுப்பு', 'அனுப்பாதே' என்று இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினாலும் இணையம் போய்விடும். நிறுத்தித் திரும்பப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அதே அறிவிப்பு வந்து நிற்கும். வைரஸ் என்றார் ஒருவர், மெமரி போதாது என்றார் இன்னொருவர். கிறிஸ்துநாயகம் பக்கத்துத் தகட்டைக் கழற்றித் தூசு ஊதிப் பார்த்தார்.

நித்தியானந்தனும் அதெல்லாம் செய்து களைத்தவர்தான். கடைசியில் ஒருநாள் எந்தப் பொத்தானையும் தொடாமல், அறிவிப்பை அப்படியே மவுஸால் பிடித்துத் திரையின் மூலைக்கு இழுத்துவிட்டார். மூடாதவரை அது ஒன்றும் செய்யவில்லை. "தவம், இஞ்சை ஒருக்கா வா" என்று அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டினார், பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதுபோல. வேறு யாருக்கும் காட்டவில்லை. அதையும் ஏன் இவர்களுக்குக் கொடுக்க வேண்டும்?

சாரங்கா கூடத்துக்கு வந்து அவள் காலடியில் குந்தினாள். இன்றைக்கு ஸ்கைப்பில் வருவதாகத்தான் அந்தோனிதாசன் சொல்லியிருந்தானாம். அழைத்தானாம், எடுப்பதற்குள் அறுந்து அறுந்து போகிறதாம்.

"தவமக்கா, அண்ணை என்னவோ செய்யிறவர். நான் படங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவரின்ரை கையைப் பாக்கேல்லை."

கையைப் பார்க்கவில்லை என்ற சொல் தவமலருக்குள் இறங்கிக் கொஞ்சம் குளிர்ந்தது. இவள் பக்கத்தில் நின்றாளே தவிர, அவரைப் பார்க்கவேயில்லை. அப்படியும் உடனே எழும்ப மனம் வரவில்லை. சாரங்காவின் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. சாப்பிட்டிருக்க மாட்டாள். உள்ளே மறுபடி அழைப்பு மணி அடித்தது.

"ஒருத்தரும் ஒண்டையும் அமத்தாதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டு தவமலர் எழுந்தாள்.

செத்தவீட்டுக்காரி வந்தால் வழிவிடத்தானே வேண்டும். கிறிஸ்துநாயகம் அவசரமாக எழும்பினார். அவள் புருஷன் இருந்த நாற்காலியில் அமர்ந்து, அவருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அறிவிப்பை மூலைக்கு இழுத்துவிட்டு அழைப்பை எடுத்தாள்.

"நித்தியண்ணை, கேக்குதோ?" என்றது குரல்.

அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தவமலர் தான் இன்னாரென்று சொன்னாள். அண்ணை வெள்ளிக்கிழமை மோசம் போய்விட்டார் என்றும் சொன்னாள்.

அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். பிறகு அந்தோனிதாசன் வாய்விட்டு அழுதான். ஒவ்வொரு நாளும் சாவையே கேட்டுக்கொண்டு அந்த ஊரில் இருந்தவன், நேரில் ஒருநாளும் கண்டறியாத நித்தியண்ணைக்காக அழுதான். அந்த அழுகையில் வேறு ஒரு பெயரும் கலக்கவில்லை. அறையில் நின்ற ஒருவருக்கும் அது கேட்கவுமில்லை. தவமலர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். அது முடியக் கூடாதென்று இருந்தது.

அவன் ஒருவாறு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, சாரங்காக்கா பக்கத்திலை நிக்கிறாவோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"அவவை முதல்லை இருக்கச் சொல்லுங்கோ."

தவமலர் உடனே திரும்பவில்லை. என்னவாம் என்று சாரங்கா பின்னாலிருந்து கேட்டாள். தவமலர் நாற்காலியை விட்டு எழுந்து, அவளைத் தோளில் பிடித்து அதில் இருத்தினாள். ஹெட்போனைக் கழற்றி, அவளுடைய தலைமயிரை ஒதுக்கி, காதில் மாட்டிவிட்டாள். பிறகு பின்னால் போய் நின்றுகொண்டு, அந்தத் தோள்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.